கர்ப்பகால இதயக் கண்காணிப்பு: மதுரையும் சுற்றுச் சமவெளியும்

கர்ப்பகால இதயக் கண்காணிப்பு என்பது, கருவுற்ற பெண்ணின் இதயம், இரத்த நாளங்கள், இரத்த அழுத்தம் ஆகியவற்றையும், வயிற்றில் வளரும் சிசுவின் இதயத்தையும் இரத்த ஓட்டத்தையும், கரு உறுதியான நாள் முதல் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள்வரை விடாமல் பார்த்துவரும் மருத்துவப் பணி. மதுரை மாவட்டத்தில் இப்பணி கிராம சுகாதாரச் செவிலியரின் பையிலிருக்கும் பி.பி. கருவியில் தொடங்குகிறது. ஆரம்ப சுகாதார நிலையம், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகள், நகரின் தனியார் மருத்துவமனைகளும் ஸ்கேன் மையங்களும் எனப் பல படிகளைக் கடந்து, மதுரைக்காரர்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு இராஜாஜி மருத்துவமனையின் எக்கோ அறைவரை போகிறது.

இந்தத் தொடரில் விலையுயர்ந்த கருவிகள் பல உண்டு. ஆனாலும் இப்பகுதித் தாய்மார்களின் உயிரைப் பெரும்பாலும் காப்பவை மிக எளியவை: முதல் வருகையிலேயே நெஞ்சில் வைக்கப்படும் ஸ்டெதாஸ்கோப், ஒழுங்காகச் சுற்றப்பட்ட பி.பி. பட்டை, குறித்த எண்ணை அடுத்த மருத்துவமனைவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் அட்டை. இவற்றில் ஒன்று தவறினாலும், அடுத்த படியில் இருக்கும் கருவி எதுவானாலும் தாமதமாகவே பயன்படும்.

இதயத்தின் மீது ஏறும் சுமை

கருவுற்ற சில வாரங்களிலேயே தாயின் இரத்த நாளங்கள் தளர்ந்து விரியத் தொடங்குகின்றன. உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு படிப்படியாகக் கூடி, கடைசி மாதங்களில் கருவுறாத காலத்தைவிட 40 முதல் 50 சதவீதம் அதிகமாகிறது. இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் இரத்தம் 30 முதல் 50 சதவீதம் உயர்கிறது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை ஏறுகிறது. இரத்த அழுத்தம் மட்டும் நான்கு, ஐந்தாம் மாதங்களில் சற்றே இறங்கி, பிரசவம் நெருங்கும்போது பழைய நிலைக்குத் திரும்புகிறது.

நல்ல இதயம் இதையெல்லாம் அரவமில்லாமல் தாங்கிக்கொள்ளும். வால்வு சுருங்கிய இதயமோ, தசை தளர்ந்த இதயமோ மூன்று கட்டங்களில் தடுமாறும். முதலாவது, சுமை உச்சத்தை எட்டும் ஏழு, எட்டாம் மாதம். இரண்டாவது, பிரசவ வலி. மூன்றாவது பலரும் எதிர்பாராதது: பிரசவம் முடிந்த உடனேயுள்ள நேரம். குழந்தை வெளிவந்ததும் கருப்பை சுருங்க, அதிலிருந்த இரத்தம் ஏறத்தாழ அரை லிட்டர் அளவுக்குத் தாயின் பொது ஓட்டத்தில் ஒரேயடியாய்ச் சேர்கிறது. பெருஞ்சிரையின் மீதிருந்த அழுத்தமும் விலகிவிடுகிறது. உறவினர் குழந்தையைப் பார்க்கக் கூடியிருக்கும் அந்த முதல் ஒன்றிரண்டு நாட்களில்தான் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு அதிகம்.

கடைசி மாதங்களில் மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை வயிற்றின் பெருஞ்சிரையை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைக் குறைக்கும். மயக்கம் வருவதும் சிசுவுக்கு இரத்தம் குறைவதும் இதனால்தான். பரிசோதனை மேசையிலும் வீட்டிலும் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வதன் காரணம் இது.

தெரியாமலே இருக்கும் இதயநோய்

கர்ப்பத்தில் இதயநோய் பற்றித் தமிழ்நாட்டிலிருந்து கிடைத்துள்ள மிக நல்ல சான்று, சென்னை மருத்துவக் கல்லூரி நடத்திய பதிவேடு. 2016 ஜூலை முதல் 2019 டிசம்பர்வரை இதயநோயுள்ள பெண்களின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை அது பின்தொடர்ந்தது. முடிவுகள் 2023-ல் ஐரோப்பிய இதயவியல் இதழில் வெளிவந்தன. அவற்றுள் முதலில் கவனிக்க வேண்டிய எண், இவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கு இதயநோய் இருப்பதே அந்தக் கர்ப்பத்தில்தான் முதன்முதலாகத் தெரியவந்தது என்பது. 42 சதவீதத்தில் நோய்க்குக் காரணம் கீல்வாதக் காய்ச்சலால் கெட்டுப்போன வால்வு. மூன்றில் ஒரு பங்கினருக்கு நுரையீரல் நாளங்களில் அழுத்தம் உயர்ந்திருந்தது. இறந்தவர்கள் 1.9 சதவீதம். இதன் தொடர்ச்சியாக மாநிலத்தின் பல மருத்துவமனைகளைச் சேர்த்துத் தமிழ்நாடு அளவிலான பதிவேடு ஒன்றும் தொடங்கப்பட்டது.

பள்ளி வயதில் வந்துபோன தொண்டை வலியையும், அதன்பின் மூட்டுக்கு மூட்டு தாவிய வீக்கத்தையும் யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அந்தக் கீல்வாதக் காய்ச்சல் மைட்ரல் வால்வில் விட்டுச்சென்ற தழும்பு பத்து, பதினைந்து ஆண்டுகளில் மெல்ல இறுகுகிறது. அன்றாட வாழ்க்கையில் அந்தப் பெண்ணுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. முதல் கர்ப்பத்தில் இரத்த அளவு ஏறத்தாழப் பாதி கூடும்போது, இறுகிய வால்வு அதற்கு வழிவிடாது. தேங்கும் இரத்தம் நுரையீரலில் பின்னழுத்தம் தருகிறது. அப்போது மூச்சு வாங்குகிறது என்கிறாள்.

இங்கேதான் சிக்கல். ஆரோக்கியமான கர்ப்பிணிகளிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் மூச்சு வாங்குவதாகச் சொல்வார்கள். மாடிப்படி ஏறினால் இரைப்பதும் லேசான கால்வீக்கமும் இயல்பே. ஆகவே 'மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்' என்ற வீட்டாரின் ஆறுதல் பத்தில் ஒன்பது முறை சரியாகவே இருக்கும். பத்தாவது முறை உயிருக்கு ஆபத்து. பிரித்தறிய உதவும் குறிகள் சில உண்டு. தட்டையாகப் படுக்க முடியாமல் இரண்டு மூன்று தலையணை தேவைப்படுவது, நடு இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, படுத்ததும் இருமல் வருவது, சளியில் இரத்தம் கலந்திருப்பது, ஓய்விலும் அடங்காத படபடப்பு, மயங்கி விழுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுக்க வேண்டும். இரண்டும் கர்ப்பத்துக்குத் தீங்கில்லாதவை. எக்கோ ஒலியலையால் இயங்குவது. எக்ஸ்ரேபோல் கதிர்வீச்சு அதில் இல்லை.

வால்வு மிகவும் சுருங்கியிருப்பது தெரிந்தால், முதலில் ஓய்வு, நாடியின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மாத்திரை, நீர் பிரிக்கும் மாத்திரை. அடங்காவிட்டால், பெரும்பாலும் நான்காம் மாதத்துக்குப் பின், தொடைச் சிரை வழியாகக் குழாய் செலுத்திப் பலூனால் வால்வை விரிப்பார்கள். வயிற்றை ஈயக் கவசத்தால் மூடி, கதிர்வீச்சு நேரத்தைக் குறைத்துச் செய்யும் இச்சிகிச்சையால் மார்பைத் திறக்காமலே கர்ப்பம் காப்பாற்றப்படுகிறது. கீல்வாதக் காய்ச்சல் திரும்பாமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை மாசமானதைக் காரணம் காட்டி நிறுத்தக்கூடாது.

செயற்கை வால்வு பொருத்தியவர்களின் நிலை இன்னும் கடினம். சென்னைப் பதிவேட்டில் அதிக இறப்பு இவர்களிடையேதான்: 8.6 சதவீதம். வால்வில் இரத்தம் உறையாமலிருக்க அவர்கள் உண்ணும் வார்ஃபரின் மாத்திரை, முதல் மூன்று மாதங்களில் சிசுவின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். பயந்து தாமாகவே நிறுத்தினால் வால்வு அடைத்துக்கொள்ளும். எந்த மாதத்தில் வார்ஃபரின், எப்போது ஹெப்பாரின் ஊசி என்பதை இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து, இரத்தப் பரிசோதனை பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இதயநோய்களைக் கர்ப்ப ஆபத்தின்படி வரிசைப்படுத்துகிறது. கடைசி வகையில் வருபவர்களுக்கு, உதாரணமாக நுரையீரல் தமனியில் உயர் அழுத்தம் உள்ளவர்களுக்கும் இதயத்தின் தள்ளுதிறன் 30 சதவீதத்துக்கும் கீழே போனவர்களுக்கும், கருத்தரிக்க வேண்டாமென்றே அறிவுரை. இந்த அறிவுரை கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர வேண்டியது. ஆனால் சிறுவயதில் நடந்த இதய அறுவையைப் பெண்வீட்டார் மறைத்துத் திருமணம் முடிப்பதும், மருத்துவக் கோப்பு பிறந்த வீட்டுப் பெட்டியிலேயே தங்கிவிடுவதும் நம் ஊர்ப்பக்கம் நடப்பதுதான். மாமியாரும் கணவனும் அருகில் நிற்கும்போது 'முன்பு ஏதாவது ஆபரேஷன் நடந்ததா' என்று கேட்டால் உண்மை வராது. அவளைத் தனியே வைத்துக் கேட்கும் செவிலியருக்கே அது கிடைக்கும்.

இரத்த அழுத்தம்

கர்ப்பத்தில் இரத்தக்கொதிப்பு என்று சொல்ல, குறைந்தது 4 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை 140/90 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 160/110-ஐத் தொட்டால் கடுமையானது. உடனே சிகிச்சை வேண்டும். 20 வாரத்துக்குப் பிறகு உயர்ந்த அழுத்தத்தோடு சிறுநீரில் புரதமும், அதாவது பேச்சுவழக்கில் 'உப்பு' போவதும், அல்லது கல்லீரல், சிறுநீரகம், இரத்தத் தட்டணுக்களில் பாதிப்பும் சேர்ந்தால் அது முன்சூல்வலிப்பு. கவனிக்காமல் விட்டால் வலிப்பு, மூளையில் இரத்தக்கசிவு, நச்சுக்கொடி பிரிதல், சிசு இறப்பு என்று போகும்.

அளவீட்டின் ஒழுங்கு மிக முக்கியம். வெயிலில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பெண்ணை ஐந்து நிமிடமாவது முதுகு சாய்த்து உட்காரவைக்க வேண்டும். கால் தரையில் படிந்திருக்க வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். புடவை, ரவிக்கைத் துணிமீது பட்டையைச் சுற்றக்கூடாது. கை பருத்திருந்தால் பெரிய பட்டை வேண்டும். சிறியதைச் சுற்றினால் இல்லாத கொதிப்பைக் காட்டும். கூட்டம் மிகுந்த கர்ப்பிணிகள் கிளினிக் நாளில் இந்த ஐந்து நிமிடம்தான் முதலில் பலியாகிறது. அதைவிட மோசமானது, அளக்காமலே 120/80 என்று எழுதுவது. ஒவ்வொரு வருகையிலும் அதே எண் இருக்கும் அட்டை, ஆரோக்கியத்தின் அடையாளமல்ல, எச்சரிக்கை.

தனித்த ஓர் எண்ணைவிட எண்களின் போக்கு அதிகம் சொல்லும். முதல் மூன்று மாதத்தில் 96/60 இருந்த ஒல்லியான பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் 134/86 வந்தால், வரையறைப்படி அது கொதிப்பில்லை. ஆயினும் அவளை அடுத்த மாதம் வா என்று அனுப்பிவிடக்கூடாது. சில நாட்களிலேயே மறுபடி பார்க்க வேண்டும். முதல் எண் தெரியாவிட்டால் இந்த வித்தியாசமே கண்ணில் படாது. முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போவது இப்பகுதியின் வழக்கம். வளைகாப்பு முடிந்ததும், ஆபத்து கூடும் ஏழு அல்லது ஒன்பதாம் மாதத்தில், அவள் வேறு ஊருக்கு, வேறு செவிலியரின் பொறுப்புக்கு மாறுகிறாள். பேரையூரில் பதிந்தவள் வாடிப்பட்டிக்குப் போகலாம். விருதுநகர், சிவகங்கை மாவட்டத்துக்கும் போகலாம். தமிழ்நாட்டின் பிக்மி என்னும் கர்ப்பிணிகள் பதிவும் அது தரும் தாய்க்கான எண்ணும் இந்த இடமாற்றத்தைக் கடந்து தொடர்வதற்காகவே உருவாக்கப்பட்டவை. பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் கேட்கப்படுவதால் அநேகமாக எல்லாக் கர்ப்பிணிகளும் பதிவாகிறார்கள். எனினும் சீர்வரிசைத் தட்டோடு தாய்சேய் அட்டையும் மறவாமல் போக வேண்டும். நள்ளிரவில் பணியில் இருக்கும் செவிலியர் கணினியைத் திறப்பதற்குமுன் அந்த அட்டையைத்தான் பார்ப்பார்.

கால் வீங்கினால் பார்லிக் கஞ்சியும் சோம்புத் தண்ணீரும் குடிக்கச் சொல்வார்கள் பெரியவர்கள். குடிப்பதில் கெடுதல் இல்லை. கொதிப்புக்கு அவை மருந்தாகா என்பதே கவலை. முகமும் கைவிரல்களும் வீங்குவது, மோதிரம் திடீரென இறுகுவது, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் கஞ்சி காய்ச்சும் நேரம் அதுவல்ல.

முன்சூல்வலிப்பு வரும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்கு, அதாவது முந்தைய கர்ப்பத்தில் வந்தவர்கள், இரட்டைக் கரு, நாள்பட்ட கொதிப்பு, சர்க்கரை நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு, 16 வாரத்துக்கு முன்பே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கினால் ஆபத்து குறைகிறது. கொதிப்பைக் குறைக்க லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா பயன்படுகின்றன. கர்ப்பத்துக்கு முன் சாப்பிட்டுவந்த எனலாப்ரில், டெல்மிசார்ட்டான் வகை மாத்திரைகள் சிசுவின் சிறுநீரகத்தைக் கெடுப்பதால் மாற்றியாக வேண்டும். வலிப்பைத் தடுக்கவும் நிறுத்தவும் மக்னீசியம் சல்பேட் ஊசிதான். இந்தியா உள்ளிட்ட 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடந்து 2002-ல் வெளியான மேக்பை ஆய்வு, இந்த மலிவான மருந்து வலிப்பு அபாயத்தைப் பாதிக்கும் கீழாகக் குறைப்பதைக் காட்டியது. முதல் ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுவிட்டு வண்டியில் ஏற்ற வேண்டும். போட்ட அளவையும் நேரத்தையும் அனுப்புச்சீட்டில் எழுதாவிட்டால், பெரியாஸ்பத்திரியில் இரண்டாம் முறை போடும் ஆபத்தும், போட்டிருப்பார்கள் என்று விட்டுவிடும் ஆபத்தும் உண்டு.

இரத்தசோகையும் சர்க்கரையும்

ஐந்தாம் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இறங்கினால், இருக்கும் கொஞ்ச ஆக்சிஜனைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோக இதயம் ஓயாது ஓடி, வால்வு நோயே இல்லாமலும் தளர்ந்துவிடும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காமலிருப்பதும், தேவைப்பட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரும்புச்சத்தை ஊசிவழி ஏற்றிக்கொள்வதும் இதயப் பாதுகாப்பே.

கர்ப்பகாலச் சர்க்கரைக்கு எல்லோரையும் சோதிக்கும் முறை தமிழ்நாட்டில் வேரூன்றியதற்குச் சென்னை மருத்துவர் வீ. சேஷையாவின் உழைப்பு முக்கியக் காரணம். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து 2 மணி நேரத்தில் 140-ஐ எட்டினால் சர்க்கரை. வெறும் வயிற்றோடுதான் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விடியுமுன் மல்லிகைப்பூ பறிக்கப் போய்விட்டு நேரே கிளினிக்குக்கு வரும் பெண்ணுக்கு இது பெரிய வசதி. கருவுறும் முன்பே சர்க்கரை இருந்த தாயின் சிசுவுக்குப் பிறவி இதயக்கோளாறு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு.

சிசுவின் இதயம்

சிசுவின் இதயம் ஆறாம் வாரத்தில் ஸ்கேனில் மினுக்கும். பத்து, பன்னிரண்டாம் வாரத்திலிருந்து கையடக்க டாப்ளரில் கேட்கும். அதன் இயல்பு வேகம் நிமிடத்துக்கு 110 முதல் 160. ஐந்தாம் மாதத்துக்குப் பின் பினார்டு குழலை வயிற்றில் வைத்துக் காதாலேயே கேட்கலாம். பிரெஞ்சு மருத்துவர் அடோல்ப் பினார்டு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடிவமைத்த அந்தக் குழலுக்கு மின்சாரமும் பேட்டரியும் வேண்டாம்.

வயிற்றிலிருக்கும்வரை சிசு நுரையீரலால் சுவாசிப்பதில்லை. நச்சுக்கொடியிலிருந்து வரும் இரத்தம், மேலறைகளுக்கிடையே உள்ள துளை வழியாகவும், நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் குறுக்கு நாளம் வழியாகவும் நுரையீரலைத் தவிர்த்துப் போகிறது. பிறந்து முதல் மூச்சிழுத்தபின் இவை மூடிக்கொள்ளத் தொடங்கும். இடுப்புவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவை அந்தக் குறுக்கு நாளத்தை வயிற்றிலேயே சுருக்கிவிடக்கூடியவை. ஆறாம் மாதம் கடந்த பெண்ணுக்கு மருத்துவர் சீட்டில்லாமல் வலி மாத்திரை தருவது சிறிய தவறல்ல.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ எட்டுப் பேருக்குப் பிறவி இதயக்கோளாறு இருக்கிறது. ஐந்தாம் மாத ஸ்கேனில் நான்கு அறைகளையும், வெளியேறும் பெருநாளங்களையும் பார்த்தால் கடுமையான கோளாறுகளில் பலவும் பிடிபடும். நான்கு அறைகளோடு நிறுத்திக்கொண்டால் பெருநாளங்கள் இடம் மாறியிருப்பது தப்பிவிடும். அறைகள் நான்கும் அழகாகவே தெரியும். முந்தைய குழந்தைக்கோ பெற்றோருக்கோ இதயக்கோளாறு, தாய்க்குச் சர்க்கரை அல்லது லூபஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோய், முதல் ஸ்கேனில் சிசுவின் கழுத்துப்பின் நீர் அதிகம், சந்தேகமான காட்சி ஆகியவை இருந்தால் 18 முதல் 24 வாரத்துக்குள் தனியே சிசு எக்கோ எடுக்க வேண்டும். தாய்மாமனையோ, அத்தை மகனையோ, மாமன் மகனையோ மணப்பது தென்மாவட்டங்களில் இன்றும் மறையவில்லை. இரத்த உறவு மணத்தில் பிறவி இதயக்கோளாறு வாய்ப்பு ஓரளவு கூடுகிறது. 'சொந்தத்துலயா கட்டியிருக்கீங்க?' என்ற கேள்வி இப்பகுதி ஸ்கேன் அறைகளில் கேட்கப்படுவது இதற்காகவே. பதில் சொல்பவளைக் குற்றவாளிபோல் உணரவைக்காமல் கேட்பது மருத்துவரின் கடமை.

முன்கூட்டித் தெரிவதால் என்ன பயன்? பெருநாளம் இடம் மாறிய குழந்தை பிறந்த சில மணி நேரத்தில் நீலம் பாரிக்கும். குறுக்கு நாளத்தைத் திறந்துவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்து தயாராக இருந்தால் அறுவைவரை அது பிழைக்கும். எங்கே பிரசவம் என்பதை முன்பே திட்டமிட வேண்டும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்கு வழி உண்டு. சிசுவின் இதயம் 200-க்குமேல் ஓடும் சில கோளாறுகளில் டிகாக்சின் போன்ற மருந்தைத் தாய்க்குக் கொடுத்து, நச்சுக்கொடி வழியாகச் சிசுவைக் குணப்படுத்த முடிகிறது. திருத்தவே முடியாத கோளாறாயின், 2021-ல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம் 24 வாரத்துக்குப் பின்னும் மருத்துவக் குழுவின் அனுமதியோடு வழி விடுகிறது. முடிவெடுக்கப் பெற்றோருக்கு நாட்கள் தேவை. அதனாலும் ஐந்தாம் மாத ஸ்கேனைத் தள்ளிப்போடக்கூடாது.

ஸ்கேன் என்ற சொல்லுக்கு மதுரைப் பக்கம் கனமான ஒரு கடந்தகாலம் உண்டு. 1980-களில் உசிலம்பட்டி வட்டாரப் பெண்சிசுக் கொலைகள் நாடெங்கும் பேசப்பட்டன. பின்னர் ஸ்கேன் கருவி பரவியபோது கருவிலேயே பெண்ணை அழிக்க அது பயன்படுத்தப்பட்டதால், பாலினம் சொல்வதைத் தடைசெய்யும் சட்டம் 1994-ல் வந்தது. ஒவ்வொரு ஸ்கேன் மையமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஒவ்வொரு கர்ப்பிணி ஸ்கேனுக்கும் படிவம் நிரப்ப வேண்டும். கருவியை இஷ்டம்போல் ஊர் ஊராகத் தூக்கிச் செல்ல முடியாது. இதனால் சிசு எக்கோவைக் கிராமத்துக்குக் கொண்டுபோவது கடினம்; பெண்ணைத்தான் நகரத்துக்கு வரவழைக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சிரமத்துக்காகச் சட்டத்தைத் தளர்த்தக் கேட்பது இந்த மண்ணில் நியாயமாகாது. வண்டிச் செலவையும் ஒரு நாள் கூலியையும் ஈடுகட்டுவதே சரியான வழி.

கடைசி மூன்று மாதங்களில் சிசுவின் வளர்ச்சி குன்றினால் தொப்புள்கொடித் தமனியின் டாப்ளர் ஓட்டம் பார்க்கப்படும். இதயம் விரியும் வேளையிலும் நச்சுக்கொடியை நோக்கி இரத்தம் முன்னோக்கி ஓடுவது இயல்பு. அது நின்றாலோ, பின்னோக்கித் திரும்பினாலோ நச்சுக்கொடி தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். கருவியில்லாமலே தாய்க்குத் தெரியும் அறிகுறி ஒன்று உண்டு: பிள்ளையின் அசைவு குறைவது. 'வெளிய வர்ற நேரம், அதான் அமைதியா இருக்கு' என்பது தவறான ஆறுதல்.

பிரசவ அறை

சிக்கலில்லாத பிரசவத்தில் முதல் கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும், வலி தணிந்தவுடன் ஒரு நிமிடம் முழுக்கச் சிசுவின் துடிப்பைக் கேட்டால் போதும். சிசுவின் துடிப்பைத் தொடர்ந்து பதியும் சி.டி.ஜி. கருவியை எல்லோருக்கும் இடைவிடாமல் மாட்டுவதால் பிறந்த குழந்தைக்கு வலிப்பு வருவது குறைகிறது, இறப்போ மூளை முடக்குவாதமோ குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை, சிசேரியன் கூடுகிறது. தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், தனியாரில் 63.8 சதவீதம் என்று ஐந்தாம் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும் நிலையில், இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொதிப்பு, வளர்ச்சிக் குறைவு, தாய்க்கு இதயநோய், சிசு மலம் கலந்த பனிநீர் போன்றவை இருந்தால் தொடர் பதிவு அவசியம்.

இதயநோயாளிகளுக்குப் பெரும்பாலும் சுகப்பிரசவமே நல்லது. வலியைத் தணித்து, முக்குவதைக் குறைத்து, தேவைப்பட்டால் கருவி உதவியோடு. குளுக்கோஸ் பாட்டிலை வேகமாக ஏற்றக்கூடாது. பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கை நிறுத்தப் பழக்கத்தில் போடும் மெத்தர்ஜின் ஊசி, கொதிப்பும் இதயநோயும் உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது. ஆக்சிடோசினை மெதுவாகத் தர வேண்டும். அட்டையின் முகப்பில் சிவப்பு மையில் இதை எழுதிவைப்பது, பணிமாற்ற நேரத்தில் உயிர் காக்கும்.

அமைப்பும் பாதையும்

இராஜாஜி மருத்துவமனை, முன்பு ஆங்கிலேய ஆளுநர் எர்ஸ்கின் பெயரைத் தாங்கியிருந்தது. 1954-ல் உருவான மதுரை மருத்துவக் கல்லூரியோடு இணைந்து தென்மாவட்டங்களின் கடைசிப் புகலிடமாக வளர்ந்தது. 2022 ஜனவரியில் திண்டுக்கல், விருதுநகர், இராமநாதபுரம் மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபின் நெரிசலைப் பகிர வழி பிறந்தது. 24 மணி நேரமும் அவசர மகப்பேற்றைக் கவனிக்கும் சீமாங் மையங்களும், 2008-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 வண்டியும் இடைப்பட்ட தூரத்தைச் சுருக்கின. மருத்துவர் முத்துலெட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டு, பரிசோதனைகளோடு இணைத்துத் தவணையாக வழங்கப்படுகிறது. மாதந்தோறும் 9-ஆம் தேதி நடக்கும் மத்திய அரசின் தாய்மைப் பாதுகாப்பு முகாம் 2016 முதல் உள்ளது.

ஒவ்வொரு தாய் இறப்பையும் தணிக்கை செய்யும் வழக்கத்தில் தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு முன்னோடி. 2018–20 காலத்தில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது, இங்கே 54. இரத்தப்போக்கும் தொற்றும் கட்டுப்படக் கட்டுப்பட, மீதமுள்ள இறப்புகளில் இதயநோயின் பங்கு முன்னுக்கு வருகிறது. இனி இந்த எண்ணைக் குறைப்பது, ஆரம்ப சுகாதார நிலையத்தின் முதல் வருகையில் நெஞ்சைக் கேட்பதையும், சந்தேகம் வந்தால் நான்காம் மாதத்துக்குள் எக்கோ கிடைப்பதையும் பெரிதும் பொறுத்தது.

பிரசவத்துக்குப் பின்

பிரசவம் முடிந்ததும் குடும்பத்தின் கவனம் குழந்தைக்குப் போகிறது, தாயின் பி.பி. அளக்கப்படுவது அரிதாகிறது. கொதிப்பு மூன்று முதல் ஆறு நாளுக்குள் மறுபடி உச்சத்துக்கு ஏறலாம். வலிப்பு வீட்டுக்கு வந்தபின்பும் வரலாம். பிரசவத்துக்கு முந்தைய மாதத்திலிருந்து பிந்தைய ஐந்து மாதத்துக்குள் இதயத்தசை காரணமின்றித் தளரும் நோயும் உண்டு. பச்சை உடம்புக்காரி இருமினால் பனி, குளிர்தண்ணீர் என்று காரணம் தேடுவார்கள். காய மருந்தோடும் பத்தியத்தோடும் நாட்கள் ஓடும். கால்வீக்கத்தோடு இருமலும் படுத்தால் மூச்சுமுட்டலும் இருந்தால் எக்கோ எடுத்துத்தான் தீர வேண்டும். நேரத்தில் கண்டால் பலருக்கும் இதயம் தேறுகிறது. தேறாதவர்களுக்கு அடுத்த கர்ப்பம் ஆபத்து. மருத்துவமனையை விட்டுப் போகுமுன்பே அவர்களுக்கேற்ற கருத்தடையைப் பேசி முடிக்க வேண்டும்.

முன்சூல்வலிப்பு கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. நாற்பது வயதில் அவளுக்கு நெஞ்சுவலி வரும்போது, இருபத்து மூன்று வயதில் நடந்த பிரசவத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடிப் பணியாளர்கள் வருகிறார்கள். கர்ப்பத்தில் கொதிப்போ சர்க்கரையோ வந்தவர்களின் பெயர்களைப் பிக்மி பதிவிலிருந்து எடுத்து அந்தப் பணியாளர்கள் கையில் கொடுத்தால், குழந்தைக்குத் தடுப்பூசி போடும் முதல் ஆண்டிலிருந்தே தாயின் பி.பி.யையும் பார்த்துவர முடியும்.